லினக்ஸுக்கு மாறிய கடையும் விண்டோஸை விடாத கணக்கும்

சாவகச்சேரியில் புடைவைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் கேட்டார்: "நானா, கணனி திருத்திற பொடியன் விண்டோஸ் பத்து முடிஞ்சுது, புதுக் கணனி வாங்குங்கோ எண்டு சொல்லுறான். நீங்கள் லினக்ஸுக்கு மாறினதா கேள்விப்பட்டன். அதில எங்கட கணக்கு சொஃப்ட்வெயார் வேலை செய்யுமோ?"

இதே கேள்வியை வேறு பலரும் கேட்டுவிட்டார்கள். "வேலை செய்யும்" என்றோ "செய்யாது" என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத காரணத்தால் இந்த வாரப் பத்தியை அதற்கே ஒதுக்குகின்றேன். நான் கணனி படித்தவனல்ல. ஓ.எல் வரை படித்துவிட்டு வாப்பாவின் கடைக் கல்லாவில் குந்தியவன். ஆகவே இதில் வருவது ஒரு வியாபாரி தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட விடயங்கள்தான்.

முதலில் அந்தப் பொடியன் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு வழமையாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்கள் தனியாகப் பதிவுசெய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு உண்டு என்று அறிவித்தது. கணனி அன்றிரவே நின்றுபோகவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும். அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெஸரைக் கேட்கின்றது. டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கின்றது. 2017க்கு முன்னர் வாங்கிய கடைக் கணனிகளில் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில் தவறிவிடும், இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும்.

2022இல் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐ எட்டியதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பின்னர் ஒரு கணனி வாங்குவதென்பது முன்னரைப் போல் இலேசான காரியமல்ல. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். எமது கடைகளில் உள்ள விண்டோஸ் பிரதிகளில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கின்றது. எனது கடையிலும் ஒரு கணனியில் கள்ளப் பிரதிதான் இருந்தது. அது மனதை உறுத்தியதும் மாறியதற்கு ஒரு காரணம்.

லினக்ஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22. 2024இல் வெளிவந்த இதற்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். இணையம் பார்க்க, கடிதம் எழுத, மின்னஞ்சல் அனுப்ப, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் தளத்துக்குள் போக ஒரு குறையும் இல்லை. எமது தொழிலின் உயிர்நாடியான அந்த ஒரு மென்பொருள்தான் வில்லங்கம்.

எனது கடையில் நடந்தது

நான் வைத்திருப்பது ஹார்ட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, பைப், பெயின்ட். இந்த வியாபாரத்தில் பாதி கடன். கொடிகாமத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் வரும் மேசன்மார் வேலை முடிந்து காசு கிடைத்த பின்னர்தான் தருவார்கள். இந்தக் கடன் கணக்கு முழுவதும் 2012 முதல் ஒரு பில் மென்பொருளில் இருந்தது. கொழும்பில் ஒருவர் விஷுவல் பேசிக்கில் எழுதிக்கொடுத்தது. அக்சஸ் கோப்பு ஒன்றில் தரவைச் சேமிக்கும். எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், இலக்கமும் மாறிவிட்டது.

கடன் கணக்குத் தொலைவதென்றால் என்னவென்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது வாப்பாவின் கடன் கொப்பி கடை மேசை லாச்சிக்குள்ளேயே தங்கிவிட்டது. புத்தளத்தில் இருந்துகொண்டு யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார். ஒரு பக்கம் நிரம்புவதற்குள் விட்டுவிட்டார். ஆகவே கணனிக்குள் இருக்கும் கணக்கு விடயத்தில் நான் கொஞ்சம் பயந்தவன்தான்.

2025 ஜனவரியில் எனது மருமகன் வந்து லினக்ஸ் போட்டுத் தந்தார். அவர் செய்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் துஆச் செய்கின்றேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை. அதைக் கழற்றி, ஒரு கடித உறைக்குள் போட்டுத் திகதி எழுதி அலுமாரியில் வைத்துவிட்டு, புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி வாங்கி அதில் லினக்ஸைப் போட்டார். மாறப் போகும் எவரும் இதை மட்டுமாவது பின்பற்றுங்கள். பழையதை அழித்துவிட்டு அதே டிஸ்க்கில் புதியதைப் போடுவது, வீட்டை இடித்துவிட்டு எங்கே படுப்பது என்று யோசிப்பது போன்றது.

பழைய மென்பொருளை லினக்ஸில் திறக்க அவர் பாவித்தது வைன் என்ற இலவச மென்பொருள்.

வைன் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு எவரும் முகம் சுளிக்க வேண்டாம். "வைன் ஒரு எமுலேட்டர் அல்ல" என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

ஒரு மென்பொருள் தனியே ஒன்றும் செய்வதில்லை. "இந்தக் கோப்பைத் திற", "இந்த இடத்தில் ஒரு பெட்டி வரை", "இதை பிரிண்டருக்கு அனுப்பு" என்று ஒவ்வொன்றையும் இயங்குதளத்திடம் கேட்டே செய்விக்கின்றது. விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள் விண்டோஸின் பாஷையில் கேட்கும். லினக்ஸுக்கு அந்தப் பாஷை விளங்காது. புறக்கோட்டையிலிருந்து சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி எமது கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருப்பவருக்குத் தமிழ்தான் தெரியும். நடுவில் நின்று அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்லும் பொடியன்தான் வைன்.

பொடியன் கெட்டிக்காரன். 1993இல் தொடங்கிய இந்த வேலை முதலாவது முழுப் பதிப்பை எட்ட 15 வருடங்கள் எடுத்து, 2008 ஜூனிலேயே வைன் 1.0 வெளிவந்தது. 1994 முதல் இன்றுவரை அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் என்பவர் முன்னின்று நடத்திவருகின்றார். இத்தனை காலமாகியும் விண்டோஸின் எல்லாச் சொற்களுக்கும் சரியான மாற்றுச் சொல் கிடைத்துவிடவில்லை. சில மென்பொருட்கள் விண்டோஸில் போலவே ஓடும். சில பாதி ஓடும். சில திறக்கவே மாட்டா. வைன் திட்டத்தின் தளத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பாவித்தவர்கள் தரம் போட்டிருக்கின்றார்கள்: பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், கடைசியில் குப்பை. எமது வியாபாரிகளுக்கு உடனே பிடிபடக்கூடிய தரப்படுத்தல். மாறுவதற்கு முன்னர் உங்கள் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் அங்கே தேடிப் பாருங்கள். உள்ளூரில் எழுதிய மென்பொருள் அந்தப் பட்டியலில் இருக்காது, என்னுடையது இருக்கவில்லை.

ஓடுவது வேறு, கணக்குச் சரியாக வருவது வேறு

விஷுவல் பேசிக்குக்கு வேண்டிய துணைக் கோப்புகளைப் போட்டதும் எனது மென்பொருள் திறந்தது. வாடிக்கையாளர் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. நான் பதறிவிட்டேன். மருமகன் சிரித்தார். எமது பழைய மென்பொருட்களில் தமிழ் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்படும், எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடும். குற்றுக்கு அரைப்புள்ளி. பழைய டிஸ்க்கிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து லினக்ஸின் எழுத்துருக் கோப்புறையில் போட்டவுடன் எல்லாப் பெயரும் தமிழில் வந்துவிட்டன.

அடுத்தது பிரிண்டர். மூன்று பிரதி பில் அடிக்கும் ஊசி பிரிண்டரை எங்கள் மென்பொருள் எல்.பி.டி ஒன்று என்ற பழைய வாசலின் வழியாகவே தேடும். லினக்ஸில் அந்தப் பெயரில் வாசல் இல்லை. வைனின் கோப்புறைக்குள் எல்.பி.டி ஒன்று என்ற பெயரில் ஓர் இணைப்பை உருவாக்கி, அதை லினக்ஸ் பிரிண்டரை அழைக்கும் பெயருடன் சேர்த்து, கடைப் பயனரை பிரிண்டர் குழுவில் உறுப்பினராக்கியபின் பில் கிறீச்சென்று வந்தது. பின்னேரமாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து இருவருக்கும் பிளேன்ரீ வரவழைத்தேன்.

நான்காம் நாள் கடன் நிலுவைப் பட்டியலைப் பார்த்து, கொடிகாமத்து மேசன் ஒருவர் மூன்று மாதமாகக் காசு தரவில்லை என்று தொலைபேசி எடுத்தேன். அவர் மனம் நொந்து சொன்னார்: "நானா, மார்கழி பத்தாந் திகதி எடுத்த சாமானுக்கு மூண்டு மாசம் எண்டுறியள். ஒரு மாசங்கூட ஆகேல்லையே." பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 2024 டிசம்பர் 10ஆம் திகதி பில்லை மென்பொருள் 2024 ஒக்டோபர் 12 என்று வாசித்திருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸைப் போடும்போது மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் என்று தெரிவாகியிருந்தது. அமெரிக்கர் மாதத்தை முன்னுக்கும் நாளைப் பின்னுக்கும் எழுதுவார்கள். வைன் அந்த வழக்கத்தை லினக்ஸிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும். எனது மென்பொருளோ திகதியை வெறும் எழுத்தாகச் சேமித்துவைத்து, பின்னர் இயங்குதளத்தின் வழக்கப்படி வாசிக்கும். 13ஆம் திகதிக்குப் பிந்திய பில்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தானாகவே நாளென்று எடுத்துக்கொண்டது. மாதத்தின் முதல் 12 நாட்களில் போட்ட பில்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. அதனால்தான் முதல் நாள் பார்த்தபோது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. மொழி அமைப்பைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்த மேசனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கணனியின் தவறு என்று சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? என் தவறு என்றே சொன்னேன்.

மென்பொருள் திறக்கவே திறக்காவிட்டால் உங்களுக்கு ஒரு நாள்தான் நட்டம், உடனே தெரிந்துவிடும். திறந்து, ஓடி, பிழையான கணக்குச் சொன்னால் வாடிக்கையாளரை இழக்கலாம். ஆகவே மாறிய பின்னர் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மாறுவதற்கு முன்னர் பழைய விண்டோஸில் வைத்தே மூன்று பட்டியல்களைக் கடதாசியில் அடித்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர் ஒவ்வொருவரதும் நிலுவை, கையிருப்புப் பெறுமதி, கடைசி மூன்று மாதங்களின் நாளாந்த விற்பனை மொத்தம். மாறிய பின்னர் அதே பட்டியல்களை அடித்துச் சதம் சதமாக ஒப்பிடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

கடைக்குள் ஒரு கடை

திகதி சரியாகியும் வருட முடிவு அறிக்கைகள் வைனில் திறக்கவில்லை. அவற்றுக்கு வேறொரு துணை மென்பொருள் வேண்டியிருந்தது, அது வைனோடு ஒத்துப்போகவில்லை. இந்த இடத்தில்தான் இரண்டாவது வழிக்குப் போனோம்: மெய்நிகர் கணனி.

முன்னர் சொன்ன உதாரணத்தில் வைன் என்பது மொழிபெயர்க்கும் பொடியன். மெய்நிகர் கணனி அப்படியல்ல. உங்கள் கடைக்குள்ளேயே தடுப்புப் போட்டு, சிங்களம் மட்டும் பேசும் ஒரு சிறு கடையை முழுதாக அமைத்துவிடுவது. வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருளினால் லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்து அதற்குள் உண்மையான விண்டோஸையே நிறுவலாம். உள்ளே ஓடுவது அசல் விண்டோஸ் என்பதால் மொழிபெயர்ப்புப் பிழை வராது. யூ.எஸ்.பி சாவி செருகினால்தான் திறக்கும் மென்பொருட்களுக்கும் பெரும்பாலும் இந்த வழிதான். வைன் அந்தச் சாவிகளோடு அனேகமாக ஒத்துப்போகாது. மெய்நிகர் கணனிக்கு யூ.எஸ்.பி சாவியை அப்படியே கையளிக்கலாம்.

இதற்குச் செலவு உண்டு. ஒரே இயந்திரம் இரண்டு இயங்குதளத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால் 4 ஜீ.பி ரெம் போதாது. நான் இன்னுமொரு 4 ஜீ.பி வாங்கி 8 ஆக்கினேன். கணனி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பில் மெய்நிகர் வசதியை இயக்கிவிடவும் வேண்டும், பல கணனிகளில் அது அணைந்தே இருக்கும். உள்ளே போடும் விண்டோஸுக்கு உரிமமும் வேண்டும். லினக்ஸ் இலவசம் என்பதற்காக அதற்குள் இருக்கும் விண்டோஸ் இலவசமாகிவிடாது. பெட்டியோடு தனியாக வாங்கிய உரிமத்தை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். கணனியோடு சேர்ந்து வந்த உரிமம் பொதுவாக அந்தக் கணனியோடுதான் போகும். என்னிடம் 2012இல் பெட்டியோடு வாங்கிய விண்டோஸ் 7 இறுவட்டு இருந்தது, அதைப் போட்டோம்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மெய்நிகர் கணனியின் வலையமைப்பு இணைப்பைத் துண்டித்துவிட்டோம். இணையத்துக்குப் போகாது, மின்னஞ்சல் திறக்காது, வெளியார் பென் டிரைவ் ஏற்காது. கணக்கு மாத்திரம்.

இன்னொரு நன்மை நான் எதிர்பாராதது. அந்த முழுக் கணனியும் லினக்ஸுக்கு ஒரு கோப்புறைதான். மாதம் ஒருமுறை அதை மூடிவிட்டு, வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகின்றேன். நாளை இந்த இயந்திரம் எரிந்தாலும் வேறொன்றில் வைத்துத் திறக்கலாம். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்த நாட்களில் எங்கள் பழைய டிஸ்க்கில் கோப்புகள் பழுதாகிப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெய்நிகர் கணனியைத் திறந்து வைத்திருக்கும்போது கரண்ட் போனால் அதே ஆபத்து இதிலும் உண்டு. யூ.பி.எஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

வைனிலேயே நிற்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். வைனின் சி டிரைவ் உங்கள் கோப்புறைக்குள் மறைந்து இருக்கும். கண்ட்ரோல் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பிரதி எடுத்துவிட்டுக் கணக்கு பத்திரம் என்று நம்பிவிடாதீர்கள்.

மற்றத் தொழில்களுக்கு

டாலி பாவிப்போர் எம்மில் பலர். அதன் கதை வியாபாரிகள் அறியவேண்டிய ஒன்று. பெங்களூரில் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் விற்ற ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வர்த்தகர் தமது கணக்குக்கு ஒத்துவரும் மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தமது மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் பின்னர் டாலி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அன்று டொஸ்ஸில் பிறந்தது, இன்று விண்டோஸுக்கே வெளிவருகின்றது. வைனில் ஓட்டிப் பார்ப்போர் உண்டு, ஆனால் அதில் ஏதும் பிசகினால் முகவர் பொறுப்பெடுக்க மாட்டார். 2022 முதல் அமேசனின் கணனிகளில் டாலியை ஓடவிட்டு இணையத்தின் வழியாகப் பாவிக்கும் சேவையையும் அந்நிறுவனம் நடத்துகின்றது. விருப்பமுள்ளோர் முகவரிடம் கட்டணத்தைக் கேட்டு, எமது இணைய இணைப்பின் இலட்சணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கலியாணக் காட் அடிக்கும் அச்சகங்களுக்கு கோரல்ட்ரோ, பேஜ்மேக்கர். 2000ஆம் ஆண்டில் கோரல் நிறுவனமே வைனின் உதவியோடு லினக்ஸுக்கு கோரல்ட்ரோ வெளியிட்டது என்றால் நம்புவீர்களா? அதே வருடம் மைக்ரோசொப்ட் கோரலில் 135 மில்லியன் டொலர் முதலிட்டது. லினக்ஸ் பதிப்பு நிலைக்கவில்லை. இன்று பழைய கோரல் கோப்புகளை இன்க்ஸ்கேப்பிலும் பேஜ்மேக்கர் கோப்புகளை ஸ்கிரைபஸிலும் திறக்கலாம். ஆனால் வரிகளும் இடைவெளிகளும் அசையும். பழைய வேலையை எடுத்துப் பார்க்கப் போதும், நாளைக் காலை காட் கொடுக்கவேண்டிய அச்சகத்துக்கு இது போதாது. அவர்களுக்கு எனது ஆலோசனை, அந்த ஒரு மேசையில் விண்டோஸை உரிமத்தோடு வைத்துக்கொண்டு மற்ற மேசைகளை மாற்றுங்கள். வீட்டுப் படம் வரைவோருக்கு ஓட்டோகாட் லினக்ஸில் இல்லை, ஆனால் அதே வகைக் கோப்புகளைக் கையாளும் பிரிக்ஸ்காட் லினக்ஸுக்கென்றே வெளிவருகின்றது, விலை கொடுக்க வேண்டும்.

மூன்று நான்கு கணனி உள்ள கடைகளில் ஒன்றை விண்டோஸிலேயே விட்டு, மற்றவற்றிலிருந்து வலையமைப்பின் வழியாக அதற்குள் போய் வேலை செய்யவும் முடியும். உள்ளே அனுமதிக்கும் அந்த ஒரு கணனியில் விண்டோஸின் புரோ பதிப்பு இருக்க வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்து வருடம் பாடுபட்டு ஏறத்தாழ 15,000 கணனிகளை மாற்றியது. விண்டோஸில் மட்டும் ஓடும் திணைக்கள மென்பொருட்கள் அவர்களையும் கடைசிவரை விடவில்லை. 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தார்கள். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 அலுவலகக் கணனிகளை மாற்றப்போவதாக அறிவித்தது. எமக்குக் கிட்டிய தமிழ்நாட்டில் 2007இல் எல்கொட் என்ற அரச நிறுவனம், உமாசங்கர் என்ற அதிகாரியின் காலத்தில் தனது அலுவலகங்களைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. ஆனால் 2011இல் மாணவருக்கு இலவச மடிக்கணனி கொடுக்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸும் பொஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன.

புதிய கணக்கு எப்போது தொடங்குவது?

பழைய மென்பொருளை எவ்வளவு காலம் தாங்கிப் பிடிப்பது என்ற கேள்வி வருகின்றது. எழுதியவரே இல்லாத மென்பொருளில் புதிய கணக்கைப் போட்டுக்கொண்டே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே நிதியாண்டு தொடங்கும் 2025 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து புதிய கணக்கை மனேஜர் என்ற மென்பொருளில் தொடங்கினேன். அதன் மேசைக்கணனிப் பதிப்பு இலவசம். லினக்ஸ், விண்டோஸ், மக் மூன்றிலும் ஓடும், கையிருப்பும் பார்க்கும். குனூகேஷ் என்ற இன்னொன்றும் நல்லது, ஆனால் அதில் கையிருப்புக் கணக்கு இல்லாததால் கடைக்காரருக்கு முழுதாக உதவாது.

பழைய 13 வருட பில்களை அதற்குள் ஏற்ற முயலவில்லை. மார்ச் 31 இரவு வரையான ஒவ்வொரு வாடிக்கையாளரது நிலுவையும் பொருட்களின் கையிருப்பும் மட்டுமே ஆரம்ப மீதியாகப் போயின. இரண்டு இரவு எடுத்தது. பெயர்களை பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றிப் போட்டோம். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன, ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் வாசித்துப் பாருங்கள். ஏப்ரல் மாதம் முழுவதும் இரண்டு மென்பொருளிலும் பில் போட்டோம். கடைப் பொடியன்மார் முறுமுறுத்தார்கள். மாத முடிவில் இரண்டு மொத்தமும் 1,150 ரூபாவால் வித்தியாசப்பட்டன. தேடிப் பார்த்தால் திருப்பி வந்த பைப் ஒன்றைப் பழையதில் மட்டும் கழித்திருந்தோம்.

அதோடு பழைய அக்சஸ் கோப்பிலுள்ள அட்டவணைகள் எல்லாவற்றையும் சி.எஸ்.வி என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்துவைத்துள்ளேன். எந்த இயங்குதளத்திலும் எந்த அட்டவணை மென்பொருளிலும் அது திறக்கும். மென்பொருள் வாங்கும்போது விலையையும் திருத்த வருவாரா என்பதையும் கேட்கிறோம். எனது கணக்கை சி.எஸ்.வியாக வெளியே எடுக்க முடியுமா என்று நான் 2012இல் கேட்கவில்லை. இப்போது யார் விற்க வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்கின்றேன்.

சாவகச்சேரிச் சகோதரர் பார்கோட் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தார். பயம் வேண்டாம். யூ.எஸ்.பியில் செருகும் சாதாரண பார்கோட் வாசிப்பான் தன்னைக் கணனிக்கு ஒரு விசைப்பலகையாகவே காட்டிக்கொள்ளும். லினக்ஸில் செருகினால் அப்படியே வேலை செய்யும், வைனுக்குள்ளும் செய்யும்.

பழைய மென்பொருள் இப்போது அந்தச் சிறு கடைக்குள் பூட்டியபடி இருக்கின்றது. அண்மையில் பரந்தனிலிருந்து ஒருவர் வந்து, 2019இல் வீடு கட்ட எடுத்த கம்பிக்குப் பில் தொலைந்துவிட்டது, ஒரு பிரதி தரமுடியுமா என்று கேட்டார். ஜன்னலைத் திறந்து, பெயரைத் தட்டி, ஊசி பிரிண்டரில் அடித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் அதைக் கையில் வாங்கி மொத்தத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து விலையில் இன்னும் ஒரு தொன் தரமுடியுமா என்று கேட்டார்.